அவர் ஆஸ்பத்திரியில், வீடு கேம்ப்கிரவுண்டில்: ஆர்.வி.யில் கிளம்பும் ஓய்வுக்காலத் தம்பதிகளுக்குச் சில விஷயங்கள்

ஆர்.வி., அதாவது வீடாகவே பயன்படும் வண்டி, அதில் வாழும் வாழ்க்கையைப் பற்றித் தேடினால் யெல்லோஸ்டோனில் காட்டெருமைக் கூட்டத்தைப் பார்த்தபடி காபி குடிக்கும் வீடியோக்கள்தான் வரிசையாக வரும். நாங்களும் அவற்றைப் பார்த்து ஆசைப்பட்டுக் கிளம்பியவர்கள்தான். அந்தக் காபியில் பொய்யில்லை, நாங்களும் குடித்தோம். ஆனால் வண்டியே வீடு என்று ஆன பிறகு, அதை ஓட்டுகிற மனுஷர் படுத்துவிட்டால் வீட்டை என்ன செய்வது என்று யாரும் பேசுவதில்லை. 2024 அக்டோபரில் வடக்கு டகோட்டாவில் அது எங்களுக்கு நடந்தது. அந்த நாட்களில் இதைப் பற்றித் தமிழில் யாராவது எழுதியிருக்கிறார்களா என்று ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்து தேடினேன். ஒன்றும் கிடைக்கவில்லை. அதனால்தான் இது.

நாங்கள் டல்லாஸ் பக்கம் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தவர்கள். என் வீட்டுக்காரர் ரிச்சர்ட்சனில் டெலிகாம் வேலை பார்த்து ஓய்வு பெற்றார், நான் பள்ளிக்கூட லைப்ரரியில் இருந்தேன். பிள்ளைகள் போன பிறகு நான்கு படுக்கையறை வீடும் அதன் வரியும் எதற்கு என்று விற்றுவிட்டு, பழைய ஃபிஃப்த் வீல் ஒன்றும் அதை இழுக்க டீசல் பிக்கப் டிரக்கும் வாங்கினோம். ஃபிஃப்த் வீல் என்றால், டிரக்கின் பின்பெட்டிக்குள்ளேயே கொக்கி வைத்து இழுக்கும் பெரிய டிரெய்லர். உள்ளே படுக்கையறை, சமையலறை, பாத்ரூம் எல்லாம் உண்டு. பூஜைக்கு மைக்ரோவேவ் மேலே ஒரு சின்ன ஷெல்ஃப். விலாசத்துக்கு மகள் வீட்டு முகவரியைக் கொடுத்தோம். வேலையும் தானாகப் பிரிந்துகொண்டது. உள்ளே இருப்பதெல்லாம் என் பொறுப்பு, வெளியே இருப்பதெல்லாம் அவர் பொறுப்பு. சாம்பாரும் மருந்து டப்பாவும் கணக்கும் எனக்கு. ஓட்டுவது, கொக்கி மாட்டுவது, கழிவுத் தொட்டியைக் காலி செய்வது அவருக்கு. நான் சந்தித்த ஆர்.வி. தம்பதிகளில் பெரும்பாலோர், வெள்ளைக்காரர்கள் உட்பட, இப்படித்தான் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

பிள்ளைகள் வீட்டுக்குப் போய்வருவது பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம்மவர்கள் ஆர்.வி. வாங்குவதே பேரன் பேத்திகளை அடிக்கடி பார்க்கத்தான். வீட்டு வாசலில் நிறுத்திக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். மகள் இருக்கும் குடியிருப்பில் ஆர்.வி. ஒரு ராத்திரிக்கு மேல் நிற்கக் கூடாது. மறுநாளே சங்கத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது. நிறுத்த விட்டாலும் கராஜில் இருக்கும் 15 ஆம்ப் பிளக்கில் அடாப்டர் போட்டு ஏசி ஓட்டினால், எக்ஸ்டென்ஷன் வயர் தொட முடியாத அளவுக்குச் சூடாகும். அப்புறம் நாங்கள் சீடர் ஹில் ஸ்டேட் பார்க்கில் இடம் பிடித்துக்கொண்டு டிரக்கில் போய்வர ஆரம்பித்தோம். உறவுக்கும் அதுதான் நல்லது. வாசலில் நின்றால் விருந்தாளியும் இல்லை, வீட்டு ஆளும் இல்லை. பேத்தியோ ஸ்டேட் பார்க் என்றால் தானே பையைத் தூக்கிக்கொண்டு வந்து தங்குவாள். மகன் நியூ ஜெர்சியில். அங்கே போகும்போது சமையல் கேஸை மறக்கக் கூடாது. பால்டிமோரில் ஐ-95, ஐ-895 நெடுஞ்சாலைகளின் இரண்டு சுரங்கப்பாதைகளிலும் 10 பவுண்டுக்கு மேற்பட்ட புரோப்பேன் சிலிண்டரோடு போக முடியாது, எங்களிடம் இருப்பது 30 பவுண்டு சிலிண்டர். சுற்றிப் போக இருந்த கீ பாலமும் 2024 மார்ச்சில் கப்பல் மோதி விழுந்துவிட்டது. அந்தப் பக்கமே வேண்டாம் என்று ஐ-81 பிடித்து பென்சில்வேனியாவில் ஐ-78-க்கு மாறிவிடுவோம். அதில் நிம்மதி நிறைய.

வருமானத்துக்கு சீசன் வேலை. கோடையில் பார்க்குகளில் கேம்ப் ஹோஸ்ட் ஆக இருப்போம். வாரத்துக்கு 20, 25 மணி நேரம் வருகிறவர்களுக்கு இடம் காட்டுவது, அடுப்புக்குழிச் சாம்பலை அள்ளுவது, கழிப்பறை சுத்தம். அதற்குப் பதிலாக இடம், கரண்ட், தண்ணீர் இலவசம். இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். விசிட்டர் விசாவில் வந்திருக்கும் அப்பா அம்மாவை "சும்மா பொழுதுபோகும்" என்று இந்த வேலையில் கூட வைத்துக்கொள்ளாதீர்கள். இலவச இடமும் கூலிதான், சட்டப்படி அது வேலை. இன்னொன்று, 62 வயதிலேயே சோஷியல் செக்யூரிட்டி என்ற அரசு ஓய்வூதியத்தை வாங்க ஆரம்பித்தவர்கள் சம்பளத்தைக் கணக்குப் போட்டுக்கொண்டே வர வேண்டும். முழு ஓய்வு வயது வராதவர்களுக்கு 2025-இல் வரம்பு 23,400 டாலர். அதற்கு மேல் போகும் ஒவ்வொரு 2 டாலருக்கும் 1 டாலரை நிறுத்தி வைத்துவிடுவார்கள். பின்னாளில் அதைச் சரிக்கட்டிக் கொடுப்பார்கள் என்றாலும் அந்த வருஷம் கை கடிக்கும்.

அக்டோபரில் ரெட் ரிவர் பள்ளத்தாக்கில் சர்க்கரை பீட் அறுவடை. வடக்கு டகோட்டாவுக்கும் மினசோட்டாவுக்கும் நடுவில் வடக்கு நோக்கி ஓடும் அந்த ஆற்றின் இரு கரையிலும் கறுப்பு மண், கண்ணுக்கெட்டிய வரை பீட் கிழங்கு. மாத முதல் தேதி வாக்கில் ஆரம்பித்து இரவும் பகலுமாகத் தோண்டி முடித்துவிடுவார்கள். நம் சமையல் பீட்ரூட் இல்லை; வெள்ளையாக, பெரிது பெரிதாக இருக்கும். லாரி லாரியாக வரும் கிழங்கை பைலர் என்ற ராட்சச இயந்திரம் மண்ணை உதறி மலையாகக் குவிக்கும். நாங்கள் கீழே நின்று லாரிக்காரருக்குக் கை காட்டுவது, சாம்பிள் பையில் கிழங்கு பிடிப்பது, சிந்திய சேற்றை வாருவது. பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட். வெயில் ஏறினால் குவியல் அழுகிவிடும் என்று நிறுத்திவிடுவார்கள், மழை பெய்தாலும் நிறுத்துவார்கள். நிறுத்தினால் சம்பளம் இல்லை. ஆனால் ஓவர்டைம் சேர்த்து வருகிற காசு எங்களுக்கு நான்கைந்து மாத டீசல் செலவு. குவியல் மினசோட்டா பக்கம், கேம்ப்கிரவுண்டு டகோட்டா பக்கம், பாலத்தைத் தாண்டினால் வேலை. மினசோட்டாவில் சம்பளத்தில் மாநில வரி பிடிப்பார்கள். வருமானம் குறைவாக இருந்தால் தனியாக ரிட்டர்ன் போட்டுத்தான் அதைத் திரும்ப வாங்க வேண்டும். பலர் சோம்பல்பட்டு விட்டுவிடுகிறார்கள்.

இரண்டாவது வாரத்தில் அவருக்கு இடது தோள் வலித்தது. மண்வெட்டி பிடித்த தோள், வலிக்காமல் இருக்குமா என்று தைலம் தேய்த்துவிட்டேன். அன்று ராத்திரி ஷிஃப்ட் முடிந்து விடியற்காலையில் வந்து படுத்தவர், கொஞ்ச நேரத்தில் எழுந்து படுக்கை ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். சட்டை முழுக்க வியர்வை, வெளியே உறைபனி. "ஏங்க, என்ன பண்ணுது?" என்றால் பதில் இல்லை, கையை மட்டும் அசைத்தார். 911 போட்டேன். முதல் கேள்வியே, "எந்த முகவரி?" எனக்குத் தெரிந்ததெல்லாம் எங்கள் இடத்து நம்பர் மட்டும். கேம்ப்கிரவுண்டின் பெயரைச் சொன்னேன். அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. ஏனென்றால் என் போன் ஆற்றுக்கு அந்தப் பக்க டவரைப் பிடித்து, அழைப்பு மினசோட்டாவுக்குப் போயிருந்தது. அவர்கள் இந்தப் பக்கம் மாற்றி விட்டார்கள். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது, எனக்கு அது முடியவே இல்லை. புதிதாக எடுத்தவர் ஆஸ்பிரின் அலர்ஜி உண்டா என்று கேட்டு, இல்லை என்றதும் ஒரு மாத்திரையை மென்று தின்னக் கொடுக்கச் சொன்னார். நான் ஒரு கையில் போனும் ஒரு கையில் டார்ச்சுமாக வாசலுக்கு ஓடி, ரோட்டில் நின்று ஆம்புலன்ஸுக்கு ஆட்டினேன்.

இப்போது எந்த ஊரில் வண்டியை நிறுத்தினாலும் முதல் வேலை, ஒரு மஞ்சள் ஒட்டுத்தாளில் தெரு எண்ணோடு முழு முகவரி, கவுன்டி பெயர், மாநிலம், எங்கள் இடத்து நம்பர் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுவது. தண்ணீர்க் குழாய் மாட்டுவதற்கு முன்னால் இது. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள், காசே செலவில்லை.

இதயத்தின் ரத்தக் குழாய்களில் மூன்றில் அடைப்பு, பைபாஸ் ஆபரேஷன்தான் என்றார்கள். டாக்டர்கள், நர்சுகள் எல்லோரும் தங்கம். மகள் அன்று ராத்திரியே ஃபிளைட் பிடித்து வந்தாள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, மூன்றாம் நாளே நடக்க வைத்துவிட்டார்கள். இதய வடிவத்தில் ஒரு சிவப்புத் தலையணை கொடுத்தார்கள். இருமல் வந்தால் அதை மார்போடு இறுக்கிக்கொண்டு இரும வேண்டும், இல்லாவிட்டால் வெட்டிய எலும்பு வலி உயிரை எடுக்கும். எல்லாம் சரி. டிஸ்சார்ஜ் பேப்பரைப் படித்த நர்ஸ், "ஒரு கேலன் பால் டப்பாவுக்கு மேல் எதையும் தூக்கக் கூடாது, டாக்டர் சொல்லும் வரை வண்டி ஓட்டக் கூடாது, வீடு எங்கே?" என்று கேட்டபோதுதான் எனக்கு அடிவயிறு கலங்கியது. வீடு கேம்ப்கிரவுண்டில் நிற்கிறது. ஏற நான்கு படி, படுக்கைக்கு இன்னும் மூன்று படி. மாதக் கடைசியில் கேம்ப்கிரவுண்டில் தண்ணீரை நிறுத்தி மூடிவிடுவார்கள். டிரெய்லரை இழுக்க ஆள் இல்லை. மகளுக்கு வேலை, ஒரு வாரத்துக்கு மேல் இருக்க முடியாது. நான் ஹோண்டா ஓட்டுவேன், அந்த டிரக்கையும் ஓட்டுவேன், ஆனால் பின்னால் பதினொரு அடி உயரத்துக்கு வீட்டை இழுத்துக்கொண்டு ஓட்டியது கிடையாது.

அவரை வாரக் கட்டணத்து மோட்டல் ஒன்றில் தரைத்தள அறையில் விட்டுவிட்டு, நான் தினமும் போய் டிரெய்லரைப் பார்த்தேன். ராத்திரி குளிர் பூஜ்யத்துக்குக் கீழே போனது. குழாயில் தண்ணீர் உறைந்து வெடித்தால் தரையே போய்விடும். பக்கத்து இடத்தில் எழுபது வயதுக்காரம்மா ஒருவர் தனியாகவே ஒரு மோட்டார்ஹோமில் வருஷக்கணக்காகச் சுற்றுகிறவர். எங்கள் ஷிஃப்டில் பைலர் ஓட்டுகிறவரும் அவர்தான். சீசன் முடிந்து கிளம்ப இருந்தவர், எனக்காக இரண்டு நாள் தங்கினார். தானே செய்து தரவில்லை. நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு என்னைச் செய்ய வைத்தார். வாட்டர் ஹீட்டரை அணைத்து, ஆறவிட்டு, அடி மூடியைத் திறந்து தண்ணீரை வடிப்பது. பைபாஸ் வால்வைத் திருப்பி, அந்த ஹீட்டருக்குள் போகாமல் மற்றக் குழாய்களுக்கு ஆர்.வி. ஆன்டிஃபிரீஸ் என்ற உறையாத திரவத்தை ஏற்றுவது. ஒவ்வொரு குழாயாகத் திறந்து, ரோஸ் மில்க் நிறத்தில் வரும் வரை விட வேண்டும், சுடுதண்ணீர்ப் பக்கம் தனி, குளிர்தண்ணீர்ப் பக்கம் தனி. ஷவரையும் டாய்லெட்டையும் மறக்கக் கூடாது. கழிவுத் தொட்டியில் கறுப்பு, அதாவது டாய்லெட் தொட்டி முதலில்; சாம்பல், அதாவது குளித்த தண்ணீர்த் தொட்டி அப்புறம். அந்தத் தண்ணீர் பின்னால் வந்து குழாயைக் கழுவிவிடும். நான் மூக்கைப் பொத்திக்கொண்டு அதையும் செய்தேன். அப்புறம் கொக்கி. டிரெய்லரின் முன்கால்களை சுவிட்சால் ஏற்றி இறக்கி உயரம் பார்த்து, டிரக்கைப் பின்னால் கொண்டுவந்தால் டிரெய்லரின் கிங்பின் என்ற இரும்பு முனை கொக்கியின் தாடைக்குள் போய் 'டக்' என்று பூட்டும். சத்தம் கேட்டது என்று நம்பிக் கிளம்பிவிடக் கூடாது. சக்கரத்துக்குக் கட்டையை எடுக்காமல், டிரெய்லர் பிரேக்கைப் பிடித்தபடி டிரக்கை மெல்ல முன்னால் இழுத்துப் பார்க்க வேண்டும். பூட்டாமல் இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். தெரியாமல் போனால் ரோட்டில் டிரெய்லர் டிரக்கின் பெட்டிமேல் விழும். அந்த அம்மாவே ஓட்டி, நான் பக்கத்தில் உட்கார, சில மைல் தள்ளி ஒரு விவசாயியின் ஷெட்டில் மாத வாடகைக்கு விட்டோம். மைலுக்கு இத்தனை டாலர் என்று டெக்சாஸ் வரை இழுத்துக்கொண்டு போகிற ஆட்களும் உண்டு. எனக்குச் சொன்ன தொகை 3,000 டாலருக்கு மேல், வேண்டாம் என்றுவிட்டேன். சில ஆர்.வி. சங்கங்களில் உறுப்பினராக இருந்தால் வண்டியை ஊருக்குக் கொண்டுவந்து சேர்க்கும் வசதியும் அதில் வரும். சேரும்போது அதைக் கேட்டு வாங்குங்கள்.

இனி இன்சூரன்ஸ். என் வீட்டுக்காரருக்கு அப்போது 67. மூத்தவர்களுக்கான அரசு மருத்துவ இன்சூரன்ஸான மெடிகேருக்கு வந்தபோது, மாதக் கட்டணம் இல்லை, பல், கண் எல்லாம் உண்டு என்று டல்லாஸ் பகுதியின் அட்வான்டேஜ் ஹெச்.எம்.ஓ. பிளான் எடுத்தோம்; தனியார் கம்பெனி நடத்துவது, அவர்கள் நெட்வொர்க் டாக்டர்களிடம்தான் போக வேண்டும். அவசரச் சிகிச்சை எந்த ஊரிலும் உண்டு, அதனால் ஆபரேஷனுக்குப் பிரச்சினை வரவில்லை. எங்கள் பங்கு மட்டும் கட்டினோம். பிரச்சினை அதற்கு அப்புறம். பைபாஸ் செய்தவர்களுக்கு கார்டியாக் ரீஹேப் என்று டிரெட்மில்லில் நடக்கவிட்டுக் கண்காணிப்பார்கள். மெடிகேரில் 36 அமர்வு வரை உண்டு. அதை டகோட்டாவில் செய்ய முடியாது, டல்லாஸ் நெட்வொர்க்கில்தான் என்றார்கள். இதய டாக்டரை மறுபடி பார்ப்பதற்கும் அதே பதில். அந்த கம்பெனிக்கு போன் போட்டுக் காத்திருந்த நேரத்தில் ஒரு பாத்திரம் ரசம் வைத்து இறக்கியிருக்கிறேன், மோட்டல் அறையில் இன்டக்‌ஷன் அடுப்பில். அட்வான்டேஜ் இல்லாமல் அரசின் பழைய மெடிகேரும், அதோடு மெடிகேப் என்கிற துணை பாலிசியும் வைத்திருந்தால் நாட்டில் மெடிகேர் ஏற்கும் எந்த டாக்டரிடமும் போகலாம். ஊர் ஊராகச் சுற்றுகிறவர்களுக்கு அதுதான். ஆனால் மெடிகேப்பைக் கேள்வி கேட்காமல் தருவது 65 வயதாகி, பார்ட் பி என்ற டாக்டர் செலவுக்கான மெடிகேர் பகுதி ஆரம்பித்த முதல் ஆறு மாதம்தான். முதலிலேயே அட்வான்டேஜில் சேர்ந்தவர்கள் ஒரு வருஷத்துக்குள் மனசு மாறினால் வரலாம். அதற்குப் பிறகு பெரும்பாலான மாநிலங்களில் உடம்பைப் பற்றிக் கேட்பார்கள், பைபாஸ் ஆனவருக்கு யார் கொடுப்பார்கள்?

ஒரு மாதத்துக்குப் பிறகு டாக்டர் பயணத்துக்குச் சரி சொன்னார். முன் சீட்டில் ஏர்பேக் இருக்கிறது, பின் சீட்டில் உட்காருங்கள், பெல்ட்டுக்கும் மார்புக்கும் நடுவில் தலையணை, மணிக்கு ஒரு தடவை இறங்கி நடக்க வேண்டும். கிராண்ட் ஃபோர்க்ஸிலிருந்து ஐ-29-இல் கன்சாஸ் சிட்டி, அங்கிருந்து ஐ-35-இல் டல்லாஸ், ஆயிரத்து இருநூறு மைலுக்கு மேல். அவர் பின்னால் இருந்துகொண்டு "லேன் மாறு, வேகத்தைக் குறை" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அயோவா தாண்டும்போது, "இன்னொரு வார்த்தை பேசினால் இறக்கி விட்டுடுவேன்" என்றேன். அப்புறம் தூங்கிவிட்டார். குளிர்காலம் முழுக்க மகள் வீட்டு மாடி அறை. மாப்பிள்ளை முகம் சுளிக்கவில்லை, சம்பந்தியம்மா பத்தியச் சமையல் கொண்டுவந்து கொடுத்தார்கள். இருந்தாலும் இரண்டு மாதத்துக்கு மேல் ஆனால் சமையலறையில் யாருக்கு எந்த அலமாரி என்பதெல்லாம் பேச்சாகிவிடுகிறது. கையிலிருந்து போனது என்று பார்த்தால் ஆஸ்பத்திரி, ஆம்புலன்ஸ் பங்கு, மோட்டல், மகளின் ஃபிளைட், ஷெட் வாடகை, விட்டுப்போன சம்பளம், சீசன் முடியும் வரை இருந்தால் தரும் போனஸ் எல்லாம் சேர்த்துப் பத்தாயிரம் டாலரைத் தொட்டது. பெரிய ஆபத்துக்குச் சின்னத் தொகை என்று மகன் சொல்கிறான். அறுவடைக்குப் போனதே அந்தப் பணத்தில் கால்வாசியைச் சம்பாதிக்கத்தான் என்று அவனுக்கு எப்படிச் சொல்வது.

மெடிகேப் கதை அங்கே முடியவில்லை. டெக்சாஸில் ஹிகாப் என்று மூத்தவர்களுக்கு இலவச இன்சூரன்ஸ் ஆலோசனை உண்டு. ஒவ்வொரு மாநிலத்திலும் ஷிப் என்ற பெயரில் இதே ஏற்பாடு இருக்கிறது. அங்கே பேசியவர் சொல்லித்தான் தெரிந்தது: அட்வான்டேஜ் பிளானின் எல்லையை விட்டே குடிபெயர்ந்தால், கவரேஜ் முடிந்த 63 நாளுக்குள் விண்ணப்பித்தால் சில மெடிகேப் பாலிசிகளை உடம்பைப் பற்றிக் கேட்காமல் கொடுத்தாக வேண்டும். எங்களுக்கு எப்படியும் சொந்த வீடு இல்லை. டெக்சாஸிலேயே லிவிங்ஸ்டனில் எஸ்கேபீஸ் என்ற ஆர்.வி. சங்கம் இருக்கிறது. உறுப்பினர்களுக்கு விலாசம் கொடுத்து, வரும் தபாலை நாம் இருக்கும் ஊருக்கு அனுப்புவார்கள். லைசென்ஸ், வண்டிப் பதிவு, ஓட்டு எல்லாவற்றையும் அந்த கவுன்டிக்கு மாற்றிக்கொண்டோம். அது பழைய பிளானின் எல்லைக்கு வெளியே. அவருக்கு பிளான் ஜி என்ற மெடிகேப் பாலிசி கிடைத்தது. பார்ட் பி-க்குக் கட்டுவது (2025-இல் 185 டாலர்) போக மெடிகேப்புக்கும் மருந்துக்கும் தனித்தனியாக மாதம் கட்டுகிறோம். வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் ரீஹேப் முடிந்த பிறகு எந்த ஊரிலும் டாக்டரைப் பார்க்கலாம். ஊருக்கு, அதாவது மதுரைக்குப் போகும்போது மட்டும் தனியாகப் பயண இன்சூரன்ஸ். மெடிகேர் இந்தியாவில் செல்லாது.

மே மாதம் டிரெய்லரை எடுக்கப் போனபோது நான்தான் இழுத்தேன். அதற்கு முன்னால் டல்லாஸில் ஆர்.வி. ஓட்டக் கற்றுத்தரும் ஒருவரிடம் காலியான சர்ச் பார்க்கிங்கில் பயிற்சி எடுத்தேன். பின்னால் எடுப்பதுதான் கஷ்டம், முன்னால் போவது பழகிவிடும். திருப்பத்தில் டிரெய்லர் உள்பக்கம் வெட்டி வரும் என்பதால் தாண்டிப் போய்த் திருப்ப வேண்டும், பெட்ரோல் பங்கில் தூண் ஓரமாக நிற்கவே கூடாது. இப்போது காலையில் நான், மதியத்துக்கு மேல் அவர். தொட்டி காலி செய்வது முறை வைத்து, அவருக்கும் சாதம் வடிக்கத் தெரியும். அக்டோபரில் பீட் வேலைக்கு அவர் வர வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் மட்டும் பைலர் ஓட்டப் போகிறேன் என்றேன், போன தடவை நாற்காலி போட்டு உட்கார்ந்த அம்மாவும் வருகிறாராம். என் வீட்டுக்காரர் இன்னும் சம்மதிக்கவில்லை.